இஸ்ரேலில் குடியேறிய பின் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றுவது எப்படி

இஸ்ரேலுக்குக் குடிபெயரும் ஆசிரியர்கள் பெரும்பாலும் வேலை கிடைக்குமா என்ற கவலையோடுதான் வந்து இறங்குகிறார்கள். ஆனால் அந்நாட்டுப் பள்ளிகளில் ஆசிரியர் பற்றாக்குறை பல ஆண்டுகளாகவே இருந்து வருகிறது. ஆங்கிலம், கணிதம், அறிவியல் ஆகிய பாடங்களுக்கும், வீட்டு வாடகை மிகுந்த டெல் அவீவ் மற்றும் மத்திய மாவட்டப் பள்ளிகளுக்கும் ஆகஸ்ட் மாதக் கடைசியில்கூட ஆள் தேடிக்கொண்டிருப்பார்கள். ஆகவே உள்ளே நுழைவதைவிட, நுழைந்தவர் இரண்டாம் ஆண்டும் அதே பணியில் நிலைத்திருப்பதுதான் கடினம். பாட அறிவுக் குறைவால் வெளியேறுபவர்கள் மிக அரிது. ஆவணங்களைக் காலத்தில் திரட்டாமை, வகுப்பறைக்கு வேண்டிய எபிரேயம் கைவராமை, ஆசிரியர் உள்ளே வந்தாலே மாணவர் அடங்கிவிடுவார் என்ற எதிர்பார்ப்பு ஆகிய மூன்றும்தான் ஆளைச் சோர்வடையச் செய்கின்றன. இம்மூன்றையும் எதிர்கொள்ளும் வழியை இங்கே வரிசையாகப் பார்க்கலாம்.

யாருக்கு இந்த வழி திறந்திருக்கிறது என்பதை முதலில் தெளிவுபடுத்திவிட வேண்டும். 1950ஆம் ஆண்டின் திரும்பி வருவோர் சட்டம் யூதர்களுக்கும், 1970இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி அவர்களுடைய பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், வாழ்க்கைத் துணைவர்கள் ஆகியோருக்கும் குடியேறும் உரிமையை வழங்குகிறது. அவ்வாறு வருபவரை ஓலே என்று அழைக்கிறார்கள். இஸ்ரேலியக் குடிமகனையோ குடிமகளையோ மணந்து வருபவருக்கு உள்துறை அமைச்சகத்தின் படிப்படியான நடைமுறை தனியாக உண்டு. முதியோரைப் பராமரிக்கும் பணிக்கான விசாவில் இந்தியாவிலிருந்து வந்திருப்பவர்கள், கையில் பி.எட். பட்டம் இருந்தாலும், அந்த விசாவைக் கொண்டு பள்ளியில் சேர இயலாது. அந்த அனுமதி குறிப்பிட்ட பணிக்கு மட்டுமே உரியது. இதை மறைத்து ஆசை காட்டும் முகவர்களிடம் ஏமாற வேண்டாம்.

புறப்படும் முன் முடிக்க வேண்டியவை

இந்தப் பகுதியை அலட்சியமாகக் கடந்துவிடக் கூடாது. ஊரில் இரண்டு நாளில் முடியும் ஒரு கையெழுத்து, நாடு மாறிய பிறகு இரண்டு மாதம் இழுக்கும். பட்டச் சான்றிதழின் மூலப்படி, எல்லாப் பருவங்களுக்குமான மதிப்பெண் பட்டியல்கள், பி.எட். பாடத்திட்டத்தின் நகல், கற்பித்தல் பயிற்சி எத்தனை வாரம் நடந்தது என்பதைக் காட்டும் கல்லூரிக் கடிதம் ஆகியவற்றைத் திரட்டி வைத்துக்கொள்ள வேண்டும். தற்காலிகச் சான்றிதழை நம்பிப் புறப்படக் கூடாது. ஒரு நாட்டின் ஆவணத்தை முத்திரையிட்டு மற்ற நாடுகளிலும் செல்லத்தக்கதாக்கும் அப்போஸ்டில் உடன்படிக்கையில் இந்தியா 2005ஆம் ஆண்டிலிருந்து இருப்பதாலும் இஸ்ரேலும் அதில் உறுப்பு நாடு என்பதாலும், மாநில அரசின் சான்றொப்பத்துக்குப் பின் வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரை பெற்ற ஆவணங்களை அங்குள்ள அலுவலகங்கள் ஏற்றுக்கொள்கின்றன. பிறப்புச் சான்று, திருமணச் சான்று ஆகியவற்றுக்கும் அதே சுற்றில் முத்திரை வாங்கிவிடுவது நல்லது.

தமிழர்களுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது: முதலெழுத்து. சான்றிதழில் ஆர். கவிதா என்றும், கடவுச்சீட்டில் தந்தையின் பெயரைக் குடும்பப் பெயராக விரித்துக் கவிதா ராமசாமி என்றும், திருமணத்துக்குப் பின் எடுத்த அட்டையில் கணவர் பெயரோடும் இருந்தால், இஸ்ரேலிய எழுத்தரின் கண்ணுக்கு அவர்கள் மூன்று வெவ்வேறு பெண்கள். மூன்று பெயரும் ஒருவரையே குறிக்கும் என்ற உறுதிமொழிப் பத்திரத்தை நோட்டரி முன் எழுதி, அதற்கும் அப்போஸ்டில் பெற்றுக்கொண்டு போக வேண்டும். அங்கே போன பிறகு அடையாள அட்டையில் பெயரை எபிரேய எழுத்தில் பதியும்போது, அவர்கள் எழுதும் வடிவத்தைக் குறித்து வைத்துக்கொண்டு, வங்கி, மருத்துவ நிதியம், கல்வி அமைச்சகம் என்று எல்லா இடத்திலும் அதே எழுத்துக்கூட்டலையே கொடுக்க வேண்டும். நம்முடைய ழகரமும் ளகரமும் அங்கே எந்த எழுத்தில் போய் முடியும் என்பது எழுத்தரின் அன்றைய மனநிலையைப் பொறுத்தது.

பணி அனுபவக் கடிதத்தை எவ்வளவு விரிவாக வாங்குகிறோமோ அவ்வளவுக்கு அது ஊதியத்தில் எதிரொலிக்கும். வேத்தெக் எனப்படும் பணிமூப்பைக் கணக்கிடும்போது வெளிநாட்டில் கற்பித்த ஆண்டுகளையும் அங்கீகரிக்கக் கோரலாம். ஆனால் பத்து ஆண்டுகள் சிறப்பாகப் பணியாற்றினார் என்ற பாராட்டு வாசகத்தால் எந்தப் பயனும் இல்லை. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எந்த வகுப்புகளுக்கு, எந்தப் பாடம், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், முழுநேரமா பகுதிநேரமா என்ற விவரங்கள் பள்ளியின் கடிதத்தாளில், கையொப்பத்தோடும் முத்திரையோடும் இருக்க வேண்டும். பள்ளி மூடப்பட்டுவிட்டாலோ தலைமையாசிரியர் மாறிவிட்டாலோ பிறகு கடிதம் வாங்குவது பெரும்பாடு.

பட்டத்துக்கு ஏற்பும் கற்பிக்க உரிமமும்

இவை இரண்டும் வெவ்வேறு கோப்புகள் என்பதைப் பலர் தாமதமாகத்தான் புரிந்துகொள்கிறார்கள். முதலாவது, கல்வி அமைச்சகத்தில் வெளிநாட்டுப் பட்டங்களை மதிப்பிடும் பிரிவு, உங்கள் பட்டம் இஸ்ரேலிய இளங்கலைக்கோ முதுகலைக்கோ இணையானது என்று தரும் கடிதம். ஊதியப் படிநிலைக்கு இது அடிப்படை. இஸ்ரேலிலும் இளங்கலைப் படிப்பு பொதுவாக மூன்று ஆண்டுகள்தான் என்பதால், நம்முடைய மூன்றாண்டுப் பட்டம் அந்த வகையில் இடறுவதில்லை. அஞ்சல்வழிப் படிப்பாலோ வேறோர் ஊரின் கிளை மையத்தில் படித்ததாலோ பெற்ற பட்டம் என்றால் எங்கே, எப்படிப் படித்தீர்கள் என்று துருவிக் கேட்பார்கள். நேரில் வகுப்புக்குச் சென்றதைக் காட்டும் சான்றுகள் இருந்தால் உடன் வைப்பது நல்லது. ஆங்கிலத்திலோ எபிரேயத்திலோ இல்லாத ஆவணங்களுக்கு நோட்டரி மொழிபெயர்ப்பு இணைக்க வேண்டும்.

இரண்டாவது, கற்பித்தல் சான்றும் அதற்குப் பின் வரும் பணி உரிமமும். இஸ்ரேலில் பயின்று வரும் புதிய ஆசிரியர், கல்வியியல் கல்லூரிப் படிப்போடு ஸ்தாஜ் எனப்படும் ஓராண்டுப் பயிற்சிப் பணியையும் முடித்தாக வேண்டும். அந்த ஆண்டில் அவருக்குப் பள்ளிக்குள்ளேயே ஒரு வழிகாட்டி ஆசிரியர் இருப்பார், கல்லூரியில் பயிற்சிப் பட்டறை நடக்கும், முடிவில் தலைமையாசிரியரின் மதிப்பீடு வரும். வெளிநாட்டிலிருந்து வந்தவருக்கு எவ்வளவு தளர்வு, எந்தப் பாடத்தைக் கூடுதலாகப் படிக்க வேண்டும் என்பதெல்லாம் அவரவர் கோப்பைப் பார்த்துத் தீர்மானிக்கப்படும். குடியேறிய ஆசிரியர்களுக்கென்றே கல்வியியல் கல்லூரிகளில் மறுபயிற்சி வகுப்புகள் நடத்தப்படுவதுண்டு. எருசலேமில் டேவிட் யெலின், பீர்ஷெபாவில் காயே, ஹைஃபாவில் கோர்டன், வடக்கே ஒரானிம், நடுப்பகுதியில் பேத் பெர்ல் என்று ஒவ்வொரு பகுதியிலும் ஒரு கல்லூரியேனும் எட்டும் தொலைவில் இருக்கிறது. தேவையில்லை என்று சொல்லப்பட்டாலும் இந்த வகுப்பில் சேருவதையே நான் பரிந்துரைப்பேன். சான்றிதழைக் காட்டிலும், பள்ளிக்குள் கொண்டுபோய் வகுப்புகளைப் பார்க்க வைக்கிறார்கள் என்பதே அதில் பெரிய பேறு.

ஆண்களுக்கு மட்டும் இன்னும் ஓர் ஆவணம் தேவை. 2001ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, சிறார்கள் பயிலும் நிறுவனத்தில் பணியில் சேரும் ஆண், பாலியல் குற்றப் பின்னணி இல்லை என்ற காவல்துறைச் சான்றைக் கொடுத்த பின்னரே பணியில் அமர முடியும். ஒரு மணி நேரம் மாற்று ஆசிரியராகச் செல்வதற்கும் இது பொருந்தும் என்பதால், வேலை தேடத் தொடங்கும் போதே இதை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

மொழி

புதிதாகக் குடியேறியவருக்கு உல்பான் என்னும் எபிரேய மொழி வகுப்பை அரசு இலவசமாக வழங்குகிறது. வழக்கமான உல்பான் வாரம் ஐந்து நாள், நாளொன்றுக்கு ஐந்து மணி நேரம், ஏறத்தாழ ஐந்து மாதம் என்று 500 பாடவேளைகள் நடக்கும். அதை முடித்தவர் கடையில் பேசவும் பேருந்தில் வழி கேட்கவும் கற்றிருப்பார். பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் முப்பத்தைந்து பேர் முன் நிற்க அது போதாது. ஆங்கில ஆசிரியருக்கு எபிரேயம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. பாடத்தை ஆங்கிலத்தில் நடத்தலாம். ஆனால் ஆசிரியர் கூட்டம், மதிப்பெண் பதிவு, பெற்றோர் தொலைபேசி, ஆலோசகரின் அறிக்கை, அமைச்சகத்தின் சுற்றறிக்கை, மாணவர் சண்டைக்குப் பிந்தைய விசாரணை ஆகிய எல்லாமே எபிரேயத்தில்தான் நடக்கும். உரிமத்துக்கான கோப்பிலும் எபிரேய அறிவுக்குச் சான்று கேட்கப்படும்.

எனவே முதல் உல்பானோடு நிறுத்தாமல் அடுத்த நிலைக்கும் செல்ல வேண்டும். கூடவே வகுப்பறை எபிரேயத்தைத் தனியாகப் பழக வேண்டும். அங்கே ஆசிரியர்கள் கட்டளையைப் பெரும்பாலும் வினையெச்ச வடிவில் சொல்கிறார்கள். லஷேவெத் என்றால் உட்காருங்கள். லெஹோத்ஸி மஹ்பரோத் என்றால் குறிப்பேட்டை எடுங்கள். இந்த வடிவம் ஆண், பெண், ஒருமை, பன்மை என்று மாறாது என்பதால் புதியவருக்கு இது பெரிய வசதி. தனியொரு மாணவனிடம் பேசும்போதோ ஷெவ், மாணவியிடம் ஷ்வி என்று வினை மாறும். எண்களுக்கும் பால் உண்டு: மூன்று பயிற்சிகள் ஷ்லோஷா தர்கிலிம், மூன்று கேள்விகள் ஷாலோஷ் ஷெஎலோத். உயர்திணைக்கு மட்டுமே ஆண்பால் பெண்பால் பார்த்துப் பழகிய நமக்குக் கேள்வி எப்படிப் பெண்ணாயிற்று என்பது எளிதில் பிடிபடாது. பிழையாகச் சொன்னால் வகுப்பு சிரிக்கும், யாராவது திருத்துவார்கள். நன்றி சொல்லிவிட்டுத் திருத்திய வடிவத்தை உரக்கச் சொல்லித் தொடர்வதே சிறந்த எதிர்வினை.

கையெழுத்துக்கும் பழக வேண்டும். அச்செழுத்தும் எழுதும் எழுத்தும் எபிரேயத்தில் வடிவத்தாலேயே வேறுபட்டவை. மாணவர் விடைத்தாள், சக ஆசிரியர் ஒட்டிவிட்டுப் போகும் குறிப்பு, பலகையில் எஞ்சியிருக்கும் முந்தைய பாடவேளையின் வரிகள் எல்லாம் எழுதும் எழுத்தில், உயிர்க்குறிகள் இல்லாமல் இருக்கும். சுருக்கக் குறியீடுகள் இன்னொரு காடு. ஷின், பேத் என்ற இரண்டு எழுத்துகளுக்கு இடையே இரட்டைக் கீற்று இட்டிருந்தால் அது வீட்டுப்பாடம். பள்ளிச் செயலரின் அறிவிப்பில் ஒரே வரியில் இப்படி நாலைந்து வரும். ஒவ்வொன்றையும் கேட்டுக் கேட்டுத் தனி ஏட்டில் எழுதி வந்தால், ஓராண்டுக்குள் பள்ளி நிர்வாகம் முழுவதும் உங்களுக்குப் புரியத் தொடங்கிவிடும்.

கணித ஆசிரியர்கள் கவனிக்க வேண்டிய சில குறிகளும் உண்டு. எபிரேய வரி வலமிருந்து இடமாக ஓடும். அதனுள் வரும் சமன்பாடு இடமிருந்து வலமாக ஓடும். வகுத்தலுக்கு இரட்டைப் புள்ளியை எழுதுகிறார்கள். தொடக்கப் பள்ளிகள் பலவற்றில் கூட்டல் குறிக்குக் கீழ்ப்பாதி இருக்காது; படுக்கைக் கோட்டின் மேல் ஒரு நிற்குங்கோடு மட்டுமே இருக்கும், சிலுவை வடிவத்தைத் தவிர்க்க ஏற்பட்ட வழக்கம் அது. முதல் நாளில் பலகையில் நம் வழக்கப்படி எழுதினால் எட்டு வயதுக் குழந்தை எழுந்து வந்து சாக்பீஸை வாங்கித் திருத்தும். அதை மரியாதைக் குறைவாகக் கொள்ளக் கூடாது.

எந்தப் பள்ளி, எந்த வாசல்

யூதப் பிள்ளைகளுக்கான அரசுப் பள்ளிகள், அரசு சமயப் பள்ளிகள், ஹரேதி எனப்படும் தீவிர சமயப் பிரிவினரின் பள்ளிகள், அரபு மொழியில் நடக்கும் பள்ளிகள் என்று அந்நாட்டுக் கல்வி பல கிளைகளாக ஓடுகிறது. அரசு சமயப் பள்ளியில் ஆசிரியரின் உடையும் வாழ்க்கை முறையும் பள்ளியின் நெறிக்கு ஒத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். ஒத்துவராது என்றால் விண்ணப்பிக்காமல் இருப்பதே இரு தரப்புக்கும் நலம். ஒன்றாம் வகுப்பு முதல் ஆறு வரை தொடக்கப் பள்ளி, ஏழு முதல் ஒன்பது வரை நடுநிலை, பத்து முதல் பன்னிரண்டு வரை மேல்நிலை என்பது பொதுவான பிரிவு. வகுப்புகளுக்கு எண்ணுக்குப் பதில் எபிரேய எழுத்தே பெயர் என்பதால், ஏழாம் வகுப்பின் இரண்டாம் பிரிவு ஸாயின் இரண்டு என்று அட்டவணையில் இருக்கும்.

தொடக்கப் பள்ளி ஆசிரியருக்கு அரசே முதலாளி. மேல்நிலைப் பள்ளிகளிலோ நகராட்சியோ, ஓர்ட், அமால், அமித் போன்ற கல்விக் கூட்டமைப்புகளோ வேலை தரும். ஆகவே முதல் வகைக்குக் கல்வி அமைச்சகத்தின் மாவட்ட அலுவலகம் வழியாகவும், இரண்டாம் வகைக்கு அந்தந்தக் கூட்டமைப்பு, நகராட்சிக் கல்வித் துறை அல்லது தலைமையாசிரியர் வழியாகவும் அணுக வேண்டும். வேலை தேடும் பருவம் வசந்த காலத்தில், பஸ்கா விடுமுறையை ஒட்டித் தொடங்குகிறது. தலைமையாசிரியருக்கு நேரடியாக எழுதுவதில் தவறே இல்லை. அங்கே அதைத் துடுக்குத்தனமாக யாரும் நினைப்பதில்லை, எழுதாமல் காத்திருப்பவரைத்தான் விருப்பமில்லாதவர் என்று எண்ணுவார்கள். எந்த நாட்களில் வரமுடியும், எத்தனை மணி நேரம் வேண்டும் என்பதை முதல் கடிதத்திலேயே குறிப்பிடுங்கள்.

நேரடியாக இடம் கிடைக்காதபோது, மகப்பேறு விடுப்பில் செல்லும் ஆசிரியருக்குப் பதிலாகச் சேர்வது மிக நல்ல வாசல். சில மாதங்களுக்குள் ஆசிரியர் அறை முழுவதும் உங்களை அறிந்துவிடும். அடுத்த ஆண்டு இடம் காலியாகும்போது தலைமையாசிரியருக்கு முதலில் நினைவுக்கு வருவது அறிந்த முகம். எபிரேயம் இன்னும் கைவராதவர்கள், யாஃபாவிலுள்ள தபீதா பள்ளி, எருசலேமிலுள்ள ஆங்கிலிக்கன் பன்னாட்டுப் பள்ளி, ஏவென் யெஹுதாவிலுள்ள அமெரிக்கப் பன்னாட்டுப் பள்ளி போன்ற ஆங்கிலவழிப் பள்ளிகளையும் முயன்று பார்க்கலாம். இடங்கள் குறைவு, போட்டி மிகுதி. அதோடு, அங்கேயே இருந்துவிட்டால் எபிரேயம் வளராது என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

மணிக்கணக்கும் சம்பளமும்

வாரத்துக்கு எத்தனை பாடவேளை என்று மட்டும் கேட்டு ஒப்புக்கொள்ளக் கூடாது. 2008இல் தொடங்கிய ஓஃபெக் ஹதாஷ் சீர்திருத்தத்தின்படி தொடக்கப் பள்ளியில் முழுநேரப் பணி வாரம் 36 மணி. அதில் 26 மணி வகுப்பின் முன் நிற்பது, 5 மணி சிறு குழுவாக மாணவர்களோடு தனிப்பட்ட முறையில் இருப்பது, 5 மணி பள்ளியிலேயே இருந்து தயாரிப்பதும் கூடிப் பேசுவதும். மேல்நிலைப் பள்ளிகளுக்கான ஓஸ் லெத்முரா சீர்திருத்தத்தில் மொத்தம் 40 மணி. 24 வகுப்புக்கு, 6 தனிக்கவனத்துக்கு, மீதம் 10 பள்ளியில் தங்கிச் செய்யும் பணிக்கு. அந்தத் தனிக்கவன மணிகளைச் சுமை என்று நினைத்து ஓரங்கட்டும் ஆசிரியர்கள் உண்டு. புதியவருக்கு அவை பொன்னான நேரம்: நான்கு பிள்ளைகளோடு மெதுவாகப் பேசும்போதுதான் உங்கள் எபிரேயமும் அவர்களுடைய நம்பிக்கையும் சேர்ந்து வளர்கின்றன.

2022ஆம் ஆண்டு ஆசிரியர் சங்கத்துக்கும் நிதியமைச்சகத்துக்கும் இடையே ஏற்பட்ட உடன்பாடு, புதிய ஆசிரியரின் முழுநேரத் தொடக்க ஊதியத்தை 9,000 ஷேக்கெல் அளவுக்கு உயர்த்தியது. அதற்கு மேல் பணிமூப்பு, பட்டம், வகுப்பாசிரியர் பொறுப்பு, பயிற்சி வகுப்புகளில் சேர்த்த புள்ளிகள் ஆகியவற்றால் தொகை மாறும். முதல் மாதச் சம்பளச் சீட்டில் பணிமூப்பு பூச்சியம் என்றே பெரும்பாலும் வரும். ஆவணங்கள் ஏற்கப்பட்ட பிறகு பின்தேதியிட்டுத் திருத்தக் கோர வேண்டும். பணியில் சேரும் அன்றே 101 என்ற எண்ணுள்ள வரிப் படிவத்தை நிரப்பும்போது, புதிதாகக் குடியேறியவர் என்ற கட்டத்தைத் தவறாமல் குறித்து ஓலே சான்றின் நகலை இணைத்தால் வரிச் சலுகைப் புள்ளிகள் கிடைக்கும். தொடக்கப் பள்ளியினரின் சங்கம் 1903இல் தோன்றியது. மேல்நிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கு வேறொரு சங்கம். சம்பளச் சீட்டைப் படித்து விளக்கச் சொல்லிப் பள்ளியின் சங்கப் பிரதிநிதியிடமே கேட்கலாம்.

வகுப்பறை

ஒரு வகுப்பில் 40 மாணவர் வரை இருக்கலாம் என்பது அங்குள்ள உச்ச வரம்பு. இடைக்கால அறிஞர் மைமோனிடிசின் நூலிலிருந்து வந்த விதியாக அதைச் சொல்வார்கள். மணி அடித்த பிறகு நீங்கள் உள்ளே நுழையும்போது பாதிப் பேர் நின்றுகொண்டிருப்பார்கள், ஒருவன் சாண்ட்விச் சாப்பிடுவான், ஒருத்தி உங்களை முதல் பெயர் சொல்லி அழைத்துத் தேர்வை ஒத்திவைக்கலாமா என்று கேட்பாள், நீங்கள் பதில் சொல்லும் முன்பே இன்னொருவன் அது நியாயமில்லை என்று வாதாடத் தொடங்குவான். அரசுப் பள்ளிகளில் ஆசிரியரைப் பெயர் சொல்லி அழைப்பதே வழக்கம். அதில் அவமதிப்பு இல்லை. ஏன் என்று கேட்பதும் அவமதிப்பு அல்ல. ஒரு விதிக்குக் காரணம் சொல்லத் தெரியாத ஆசிரியரைத்தான் அவர்கள் மதிக்க மாட்டார்கள்.

நம்மூரில் பதவியே தரும் அதிகாரம் அங்கே இல்லை என்பதை ஏற்றுக்கொண்டு, அதை வேறு வழிகளில் ஈட்ட வேண்டும். வாசலில் நின்று ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி வரவேற்பது முதல் வழி. முதல் வாரத்துக்குள் எல்லாப் பெயர்களையும் உச்சரிப்போடு கற்றுக்கொள்ள வேண்டும். அன்றைய பாடத்தின் படிகளைப் பலகையின் ஓரத்தில் எழுதி, முடிந்ததும் ஒவ்வொன்றாக அடித்துவிடுவது இரண்டாவது. எபிரேயம் தடுமாறும் தருணங்களில் பலகை உங்களுக்காகப் பேசும். பாடத்தின் முதல் ஐந்து நிமிடத்துக்கு எழுத்து வேலை ஒன்று எப்போதும் தயாராக இருக்கட்டும். குரலை உயர்த்தும் போட்டியில் இறங்கக் கூடாது, ஏனென்றால் அந்நிய மொழியில் கத்துபவர் தோற்பது உறுதி. தொடர்ந்து இடையூறு செய்பவனைப் பாடம் முடிந்ததும் தனியே அழைத்து இரண்டே வாக்கியம் பேசி, அன்று மாலையே வீட்டுக்குத் தொலைபேசினால், பத்து நாள் அதட்டலைவிட அது வேலை செய்யும். அந்தத் தொலைபேசி உரையாடலை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: முதலில் பிள்ளையைப் பற்றி ஒரு நல்ல செய்தி, பிறகு நடந்தது, பிறகு நீங்கள் வேண்டுவது.

வகுப்பாசிரியரோடு உறவைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது. மெஹனெக் அல்லது மெஹனெக்கெத் எனப்படும் அவர்தான் அந்த வகுப்பின் ஒவ்வொரு குடும்பத்தையும் அறிந்தவர். பாட ஆசிரியருக்கு ஏற்படும் எந்தச் சிக்கலும் முதலில் அவரிடமே செல்ல வேண்டும், தலைமையாசிரியரிடம் அல்ல. பள்ளி ஆலோசகர் அடுத்தவர். புதியவருக்கு முதலாண்டில் வகுப்பாசிரியர் பொறுப்பைத் தர முன்வந்தால், படித்தொகை கூடுதல் என்றாலும் மறுத்துவிடுவதே அறிவுடைமை என்பது என் கருத்து. பெற்றோரின் வாட்ஸ்அப் குழு ஒன்றே ஒரு முழுநேர வேலை. செய்திகள் இரவு பத்து மணிக்கும் வரும். எத்தனை மணிக்கு மேல் பதில் சொல்ல மாட்டேன் என்பதை செப்டம்பரிலேயே அறிவித்துவிட்டு அதில் உறுதியாக நின்றால் பெற்றோர் ஏற்றுக்கொள்வார்கள்.

மதிப்பெண்கள் 100க்கு. வருகைப் பதிவு, மதிப்பெண், ஒழுங்குக் குறிப்புகள் ஆகியவற்றுக்கு மாஷோவ் என்ற மென்பொருளைப் பல பள்ளிகள் பயன்படுத்துகின்றன. அன்றன்றே நிரப்பிவிட வேண்டும், பெற்றோரும் அதைப் பார்க்கிறார்கள். கற்றல் குறைபாடு கண்டறியப்பட்ட மாணவர்களுக்கு ஹத்தாமோத் எனப்படும் தேர்வுச் சலுகைகள் உண்டு: 25 விழுக்காடு கூடுதல் நேரம், எழுத்துப் பிழையைப் பொருட்படுத்தாமை, வினாவை வாசித்துக் காட்டுதல் என்று பல வகை. யாருக்கு எது என்ற பட்டியலை ஆலோசகரிடமிருந்து முதல் தேர்வுக்கு முன்பே வாங்கி, விடைத்தாளின் மேல் குறித்துவிட வேண்டும். இதில் தவறினால் தேர்வே செல்லாது என்று பெற்றோர் வந்து நிற்பார்கள், அவர்கள் பக்கம் நியாயமும் இருக்கும்.

மேல்நிலைப் பள்ளியில் எல்லாம் பக்ரூத் எனப்படும் பள்ளி இறுதித் தேர்வைச் சுற்றியே சுழல்கிறது. தேர்ச்சிக்கு 55 வேண்டும். ஆங்கிலமும் கணிதமும் மூன்று, நான்கு, ஐந்து அலகு என்று மூன்று நிலைகளில் நடத்தப்படுகின்றன. ஐந்து அலகுக்குப் பல்கலைக்கழகச் சேர்க்கையில் கூடுதல் மதிப்பு உண்டு என்பதால், பிள்ளையை எந்த நிலையில் வைப்பது என்பது வீட்டில் பெரிய பூசலாகிவிடும். ஆங்கிலத்தில் நிலைகளுக்கிடையே வினாத்தாள்கள் சங்கிலிபோல் கோத்திருக்கின்றன: மூன்று அலகின் கடைசித் தாளே நான்கு அலகின் முதல் தாள், நான்கு அலகின் கடைசித் தாளே ஐந்து அலகின் முதல் தாள். இது தெரிந்த ஆசிரியர், பிள்ளை ஒரு நிலை மேலேறவும் வழி இருக்கிறது என்று காட்டி அந்தப் பூசலைத் தணித்துவிடலாம்.

ஆண்டின் ஓட்டம்

பள்ளி செப்டம்பர் 1 அன்று திறக்கும். மேல்நிலை, நடுநிலைப் பள்ளிகள் ஜூன் 20 வரையும் தொடக்கப் பள்ளிகள் ஜூன் 30 வரையும் நடக்கும். வாரம் ஞாயிறன்று தொடங்குகிறது. வெள்ளியன்றும் இயங்கும் பள்ளிகளில் அன்று நண்பகலோடு முடிந்துவிடும். திறந்த சில வாரங்களுக்குள் யூதப் புத்தாண்டும், யோம் கிப்பூரும், கூடாரப் பண்டிகையும் அடுத்தடுத்து வந்துவிடுவதால், எதைக் கேட்டாலும் பண்டிகைகளுக்குப் பிறகு என்பதே பதிலாக இருக்கும். முதல் மாதத்தில் பெரிய பாடப்பகுதி எதையும் தொடங்காமல் பழக்கங்களை நிலைநாட்டுவதோடு நிறுத்திக்கொண்டால் ஏமாற்றம் இராது.

வசந்த காலத்தில் வரும் நினைவு நாட்களுக்கு மனத்தளவில் ஆயத்தமாக வேண்டும். நாஜிகளால் கொல்லப்பட்ட யூதர்களை நினைவுகூரும் இன அழிப்பு நினைவு நாளன்று காலை பத்து மணிக்கு நாடெங்கும் இரண்டு நிமிடம் சங்கு ஒலிக்கும். வீழ்ந்த படைவீரர் நினைவு நாளின் முந்தைய மாலை எட்டு மணிக்கு ஒரு நிமிடமும், மறுநாள் காலை பதினொரு மணிக்கு இரண்டு நிமிடமும் ஒலிக்கும். மாணவர்களும் ஆசிரியர்களும் வெள்ளைச் சட்டையில் முற்றத்தில் அசையாமல் நிற்பார்கள். அந்தப் பள்ளியில் படித்து உயிரிழந்தவர்களின் பெயர்கள் வாசிக்கப்படும். அருகில் நிற்கும் சக ஆசிரியரின் வீட்டுப் பெயரும் அவற்றுள் இருக்கலாம். அன்று பாடத்தை ஈடுகட்ட முயலாதீர்கள்.

எச்சரிக்கைச் சங்கு இன்னொரு வகையும் உண்டு. ராக்கெட் தாக்குதலின்போது பாதுகாப்பு அறைக்குச் செல்லக் கிடைக்கும் நேரம் ஊருக்கு ஊர் மாறும். காசா எல்லையை ஒட்டிய ஊர்களில் அது 15 வினாடிதான். ஒவ்வொரு வகுப்பறையிலிருந்தும் அந்த அறை எந்தப் பக்கம், உள்ளே சென்றதும் யாரை எண்ண வேண்டும் என்பதை முதல் நாளே நடந்து பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். எபிரேயம் சரியாக வராவிட்டாலும், எண்ணிக்கை சரியாக வர வேண்டும்.

மே 31 என்ற தேதியைச் சுவரில் குறித்து வையுங்கள். அடுத்த ஆண்டு பணி தொடராது என்று பள்ளி தெரிவிப்பதற்கும், விலக விரும்பும் ஆசிரியர் கடிதம் கொடுப்பதற்கும் அதுவே கெடு. நிரந்தரம் ஆகாத ஆசிரியருக்குப் பள்ளி மனநிறைவோடு இருந்தாலும் மணி நேர ஒதுக்கீடு உறுதியாகாததால் முன்னெச்சரிக்கையாகக் கடிதம் வரக்கூடும். கடிதம் வந்ததும் கலங்காமல் தலைமையாசிரியரிடம் நேரில் சென்று, அடுத்த ஆண்டு எத்தனை மணி எதிர்பார்க்கலாம், எந்த வகுப்புகள், எந்த நாள் விடுமுறை என்று கேட்டுவிட வேண்டும். பதில் தெளிவாக இல்லையென்றால் ஜூன் முதல் வாரத்திலேயே அக்கம்பக்கத்துப் பள்ளிகளுக்கு எழுதத் தொடங்கலாம். ஓராண்டுப் பணிக்கான உறுதிக் கடிதத்தை, முழுநேரப் பணியில் எத்தனை விழுக்காடு என்பதோடும் வகுப்பு விவரத்தோடும், கோடை விடுமுறைக்குச் செயலர் கிளம்புவதற்கு முன் வாங்கிவிடுங்கள். ஜூலை பிறந்துவிட்டால் அலுவலகத்தில் தொலைபேசியை எடுக்க ஆள் இருக்காது.